மிஸ்ஸியிடம் கேளுங்கள்: இந்த வாரம் மூச்சு

பனி இறங்கிவிட்டது. நமுனுகுல மலை காலை ஒன்பது மணி வரைக்கும் கண்ணில் படுவதில்லை. தபால்காரர் கொண்டுவந்து கொட்டிய கடிதங்களில் பாதிக்கு மேல் இருமல், இழுப்பு, மூச்சுமுட்டு. ஆகவே சீனி வியாதிக்காரர்களும் முழங்கால் வலிக்காரர்களும் அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். மூச்சுக்கு வரிசையில் நிற்கத் தெரியாது.

கே: மிஸ்ஸி, பசறைக் காற்றில் ஒட்சிசன் குறைவு, கொழும்பில்தான் கூட என்று என் கூட்டாளி சொல்கிறான். உண்மையா? (சந்தேகப் பிராணி, பசறை டவுன்)

ப: உங்கள் கூட்டாளி பாதிப் பாடம் படித்துவிட்டு மீதிக்கு லீவு போட்டிருக்கிறார். காற்றில் ஒட்சிசன் கொழும்பிலும் 21 வீதம், பசறையிலும் 21 வீதம், நமுனுகுல உச்சியிலும் அதே 21 வீதம். குறைவது அழுத்தம். 3,000 அடிக்கு அக்கம்பக்கத்தில் இருக்கும் நமக்குக் கடற்கரைக்காரருக்குக் கிடைக்கும் அழுத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு. 2,036 மீற்றர் உயர நமுனுகுல உச்சிக்குப் போனால் ஐந்தில் ஒரு பங்கு குறையும். நல்ல நுரையீரல் இதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. கொழும்பிலிருந்து வந்த மாமா நம் தோட்டத்துப் படியேறி மூச்சு வாங்கினால் பழி படிக்கட்டுக்கும் அவருடைய வயிற்றுக்கும்தான், காற்றுக்கு இல்லை.

கே: ஆளுக்கு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு சரி? (இளம் தாய், கோணகலை)

ப: பெரியவருக்கு 12 முதல் 20. ஆனால் நீங்கள் கேட்பது கையில் இருக்கும் பிள்ளைக்காக என்று தெரிகிறது. அந்தக் கணக்கை அடுப்படிச் சுவரிலேயே கரியால் எழுதி வையுங்கள்: 2 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு நிமிஷத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்து. 2 மாதம் முடிந்து ஒரு வயது வரை 50. ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40. உலக சுகாதார நிறுவனம் ஊர் ஊராகச் சொல்லிக்கொடுக்கும் கணக்கு இது. எக்ஸ்ரே இல்லாத இடத்தில் நிமோனியாவைச் சந்தேகிக்க இதைவிட மலிவான கருவி கிடையாது. ஒரு கடிகாரம், ஒரு சட்டையில்லாத வயிறு, அவ்வளவுதான்.

எண்ணும்போது மூன்று விஷயம். பிள்ளை அழக் கூடாது, பால் குடித்துக்கொண்டும் இருக்கக் கூடாது. முழு நிமிஷமும் எண்ண வேண்டும். 15 செக்கன் எண்ணி நாலால் பெருக்குவது சோம்பேறிக் கணக்கு, சின்னப் பிள்ளையின் மூச்சு ஒரு சீராக ஓடாது. அடுத்தது, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்குகிறதா என்று பாருங்கள். உள்வாங்கினால் எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் புறப்பட்டுவிடுங்கள்.

பெரியவர்களிடம் வேறு தந்திரம். “உங்க மூச்சை எண்ணப்போறேன்” என்று சொன்னால் எந்த மனிதரும் உடனே யோகி ஆகிவிடுவார். அதனால் நாங்கள் நாடி பிடிப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஓரக்கண்ணால் நெஞ்சை எண்ணுவோம். முப்பது வருஷத் தாதி வேலையில் நான் செய்த ஒரே ஏமாற்று வேலை.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் அரைக்கிலோ குறைத்துவிட்டார்கள் என்று தராசுக்கு முன்னால் நின்று சண்டை போடுகிற ஆட்கள் நாம். வீட்டில் மூச்சை மட்டும் ஏன் எண்ணாமல் விடுகிறோம் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்காத விஷயம்.

கே: தாத்தாவுக்கு ராத்திரி ஒரு மணிக்கு மூச்சு முட்டிவிடுகிறது. படுக்கவைத்துப் போர்த்தி, நெஞ்சில் தைலம் தேய்த்து, எல்லாரும் சுற்றி நிற்கிறோம். இன்னும் என்ன செய்யலாம்? (தூங்காத மருமகள், மடுல்சீமை)

ப: முதலில் நீங்கள் செய்ததை எல்லாம் தலைகீழாகச் செய்யுங்கள். படுக்கவைத்தீர்களே, எழுப்பி உட்காரவையுங்கள். போர்த்தினீர்களே, கழுத்து வரைக்கும் இருக்கிற கம்பளியை இடுப்புக்கு இறக்குங்கள். சுற்றி நின்றவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்களை இஸ்தோப்புக்கு அனுப்புங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் எட்டுப் பேர் நின்று அழுதால் தாத்தாவுக்கு எந்தக் காற்று மிச்சம்?

காரணம் இதுதான். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் குடை விரித்ததுபோல ஒரு தசை இருக்கிறது. உதரவிதானம் என்று பாடப் புத்தகத்தில் போடுவார்கள். அது கீழே இறங்கினால்தான் நுரையீரலுக்குள் காற்று வரும். மல்லாக்கப் படுத்தால் வயிற்றுக்குள் இருக்கும் குடல், ஈரல் எல்லாம் சேர்ந்து அந்தக் குடையை மேலே தள்ளும். இதயம் களைத்தவருக்குக் காலில் தேங்கிய நீரும் படுத்ததும் நெஞ்சுக்குத் திரும்பிவிடும். நிமிர்ந்து உட்கார்ந்தால் பூமியின் இழுவையே பாதி வேலையைச் செய்துகொடுக்கும், சம்பளமில்லாமல். ஆஸ்பத்திரியில் கட்டிலின் தலைமாட்டை உயர்த்துவதை ஃபவுலர் நிலை என்போம். ஃபவுலர் என்கிற அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் பெயர். அவர் பெயர் தெரியாமலே நம் பாட்டிமார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தூங்கியிருக்கிறார்கள்.

சாய்த்துப் பிடிக்க ஆள் இல்லையென்றால் ட்ரங்குப் பெட்டியை முன்னால் வைத்து, அதன் மேல் இரண்டு தலகாணி போட்டு, தாத்தாவை முன்பக்கம் குனிந்து முழங்கைகளை ஊன்றிக்கொள்ளச் சொல்லுங்கள். தோள் தசைகளும் மூச்சுக்குக் கைகொடுக்கும். பிறகு அவர் முன்னால் உட்கார்ந்து, சூடான பிளேன்டீயை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விடக் காட்டுங்கள். மூக்கால் இரண்டு எண்ணி இழுப்பது, குவித்த உதட்டால் நாலு எண்ணி விடுவது. வேகமாக ஊதினால் பிரயோசனம் இல்லை. பிளேன்டீ தளும்பாமல் ஊத வேண்டும். உதடு குவிந்திருக்கும்போது உள்ளே இருக்கும் சின்னக் குழாய்கள் சப்பிப்போகாமல் திறந்தபடி நிற்கும், அடைபட்ட பழைய காற்று வெளியே வரும். சொல்லிக்கொடுப்பதைவிடக் கூடவே செய்வது நல்லது. பயந்த மனிதர் காதால் கேட்க மாட்டார், கண்ணால் பார்த்துச் செய்வார்.

இதற்குள் ஒருவர் 1990க்கு அழைத்திருக்க வேண்டும். சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. இந்திய உதவியோடு 2016இல் தொடங்கிய சேவை. உதடு நீலம் பாரித்தாலோ, ஒரு வசனத்தை முடிக்க முடியாமல் இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினாலோ, சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்கினாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். அம்புலன்ஸ் வரும்போது டோர்ச் லைட்டோடு ஒரு பையன் ரோட்டில் நிற்கட்டும். லயத்துக்கு இலக்கம் இருக்கிறது, இருட்டில் யாருக்குத் தெரியும்?

இரவில் படுத்ததும் முட்டுவது அடிக்கடி என்றால், அது நுரையீரலின் குற்றமாக இல்லாமல் இதயத்தின் குற்றமாகவும் இருக்கலாம். எத்தனை தலகாணி வைத்துத் தூங்குகிறார் என்று டொக்டரிடம் சொல்லுங்கள். தலகாணிக் கணக்கு எங்களுக்குப் பெரிய தகவல்.

கே: ‘மூச்சு முட்ட’ச் சாப்பிட்டால் உண்மையில் மூச்சு முட்டுமா? (கலியாண வீட்டுப் பந்திக்காரன், ஹாலி-எல)

ப: முட்டும். வயிறு நிறைந்தால் மேலே சொன்ன குடை இறங்க இடமில்லை. தமிழ் சரியாகத்தான் சொல்லி வைத்திருக்கிறது. நாள்பட்ட நெஞ்சு நோய்க்காரர் மூன்று வேளைச் சோற்றை ஆறு வேளையாகப் பிரித்துச் சாப்பிடலாம். நீங்கள் முதல் பந்தியோடு எழுந்திருங்கள்.

கே: விரலில் மாட்டும் மெசின் வாங்கினோம். காலையில் அம்மாவுக்கு 86 காட்டுகிறது, பத்து மணிக்கு 97. மெசின் பொய்யா, அம்மா பொய்யா? (கணக்குப் பார்ப்பவன், ஹொப்டன்)

ப: விரல் குளிர். விடியக்காலையில் பீலித் தண்ணீரில் கை கழுவிவிட்டு உடனே மாட்டியிருப்பீர்கள். அந்தக் கருவி விரலுக்குள் இரண்டு வகை ஒளியைச் செலுத்தி, துடிக்கும் இரத்தம் எவ்வளவு சிவப்பு என்று பார்க்கிறது. குளிரில் விரல் இரத்தக்குழாய் சுருங்கிவிட்டால் துடிப்பும் இல்லை, கணக்கும் இல்லை. வாய்க்கு வந்ததைக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, நெயில் பொலிஷ், கருமருதாணி இல்லாத விரலில் மாட்டி, அரை நிமிஷம் அசையாமல் இருந்து, நாடி எண்ணும் சரியாக வருகிறதா பார்த்துவிட்டு மற்ற எண்ணை நம்புங்கள். கொழுந்துக்கறை பிடித்த விரலானால் சோப்புப் போட்டுக் கழுவிப் பாருங்கள், அல்லது கறை குறைந்த விரலைத் தேடுங்கள்.

ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அயோயாகி 1970களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த தத்துவம் இது. 2020 ஏப்ரலில் அவர் இறந்தார். அந்த வருஷம்தான் உலகமே அவருடைய கருவியை விரலில் மாட்டிக்கொண்டு திரிந்தது. அதே 2020இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு, கறுப்பினத்தவரிடம் இக்கருவி சிலவேளை உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டுகிறது என்று கண்டது. நம்முடைய நிறத்துக்கும் அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. எண் 96, ஆள் திணறுகிறார் என்றால் ஆளை நம்புங்கள்.

கே: அப்பா முப்பது வருஷம் பீடி குடித்தவர். ஆஸ்பத்திரியில் மூச்சு முட்டி ஒட்சிசன் வைத்தார்கள். கொஞ்சம் தெளிந்ததும் மிஸ்ஸி வந்து ஒட்சிசனைக் குறைத்துவிட்டார். நான் பார்த்து மறுபடி கூட்டிவிட்டேன். அவர் என்னைத் திட்டினார். ஒட்சிசனில் என்ன கஞ்சத்தனம்? (கோபக்கார மகன், லுணுகலை)

ப: தம்பி, நான் அந்த இடத்தில் இருந்தால் திட்டோடு விட்டிருக்க மாட்டேன்.

ஒட்சிசன் ஒரு மருந்து. அதற்கு அளவு உண்டு, யாருக்கு எவ்வளவு என்று சீட்டில் எழுதியிருக்கும். சாதாரண நோயாளிக்கு இரத்தத்தில் 94 முதல் 98 வீதம் வரை வைத்திருப்போம். உங்கள் அப்பாவைப் போல் புகையால் நுரையீரல் நாசமானவர்களில் பலருக்கு இலக்கு 88 முதல் 92. உங்களுக்குக் குறைவாகத் தெரிவது அவருக்கு அளவானது.

ஏன் என்று கேட்பீர்கள். தோட்டத்துப் பாஷையிலேயே சொல்கிறேன். நல்ல கங்காணி கொழுந்து இருக்கும் மலைக்குத்தான் ஆள் அனுப்புவார். மொட்டை மலைக்கு அனுப்பமாட்டார். நுரையீரலும் அப்படித்தான்: காற்று சரியாகப் போகாத பகுதிக்கு இரத்தத்தை அனுப்பாமல் குழாயைச் சுருக்கி, நல்ல பகுதிக்குத் திருப்பிவிடும். நீங்கள் ஒட்சிசனை அள்ளிக் கொட்டினால், அந்த மொட்டை மலையிலும் கொழுந்து இருப்பதுபோல ஒரு மாயை உண்டாகும். சுருங்கிய குழாய் விரியும், இரத்தம் அங்கே போகும். ஆனால் அங்கே காற்று உள்ளே வந்து வெளியே போவதில்லை. இரத்தம் கொண்டுவந்த காபனீரொட்சைட்டை இறக்கிவைக்க இடமில்லாமல் சுமந்தபடியே திரும்பும். அது இரத்தத்தில் ஏற ஏற முதலில் தலைவலி, பிறகு கை நடுக்கம், அதற்குப் பிறகு தூக்கம். “அப்பா நிம்மதியாத் தூங்குறாரு” என்று நீங்கள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டிருப்பீர்கள். விரல் மெசின் 99 காட்டும். அதற்கு ஒட்சிசனைத்தான் தெரியும், காபனீரொட்சைட்டைத் தெரியாது. அந்தத் தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாமல் போன ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதற்காக முட்டுகிறவருக்கு ஒட்சிசன் கொடுக்கவே பயப்படவும் கூடாது. ஒட்சிசன் குறைவு நிமிஷத்தில் கொல்லும், காபனீரொட்சைட்டு மணிக்கணக்கில்தான். கொடுக்க வேண்டும், அளந்து கொடுக்க வேண்டும், கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மூக்கில் மாட்டும் இரட்டைக் குழாயில் நிமிஷத்துக்கு 1 முதல் 6 லீற்றர் வரை விடலாம். அது ஏறக்குறைய 24 முதல் 44 வீத ஒட்சிசன். ஆனால் ஆள் மூச்சு வாங்கும் வேகத்தைப் பொறுத்து அந்த வீதம் கூடிக் குறையும். சாதாரண மாஸ்க்குக்கு 5 லீற்றருக்குக் குறைத்து வைக்கக் கூடாது. தான் விட்ட காற்றையே தான் குடிக்க வேண்டி வரும். அளவு தப்பவே கூடாத ஆட்களுக்கு வெஞ்சூரி மாஸ்க் இருக்கிறது. 24, 28, 35 என்று வீதம் போட்ட மூடிகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். உங்கள் அப்பாவுக்கு அடுத்த முறை அதுதான் மாட்டுவார்கள்.

இன்னொன்று. ஒட்சிசன் அளக்கும் கண்ணாடிக் குழாய்க்குள் மிதக்கும் குண்டின் நடு, கோட்டுக்கு நேராக இருக்க வேண்டும். குண்டின் தலையைப் பார்த்து நீங்கள் எவ்வளவு கூட்டினீர்களோ, கடவுளுக்கே வெளிச்சம். போய் அந்த மிஸ்ஸியிடம் மன்னிப்புக் கேளுங்கள். இரண்டு பிஸ்கட் பக்கெட் கொண்டுபோனால் தப்பில்லை.

கே: அம்மா ஒரு சுருட்டுக்கூடத் தொட்டதில்லை. அவருக்கும் ‘புகை குடிப்பவர் நெஞ்சு’ என்கிறார் டொக்டர். அவமானமாக இருக்கிறது. (ஒரு மகள், நமுனுகுல)

ப: அவமானம் எதற்கு? அம்மா புகை குடித்தவர்தான். நாற்பது வருஷமாக ஒரு நாளைக்கு மூன்று வேளை, விறகடுப்பில், குனிந்து ஊதி ஊதி. ஈரமான சவுக்கு விறகும் கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறும் எரியும்போது வரும் புகைக்குத் தெரியுமா, உள்ளே இழுப்பவர் ஆணா பெண்ணா என்று? தோட்டத் தொழிலாளிக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்று இந்த நாட்டில் சட்டம் வந்தது 1872இல். சட்டம் வந்து ஒன்றரை நூற்றாண்டு தாண்டியும், முதுகோடு முதுகு ஒட்டிய பழைய லயங்களில் காற்று ஒரு பக்கத்தால் வந்து அதே பக்கத்தால்தான் போகிறது.

ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் எழுதிய தாதியியல் புத்தகத்தின் முதல் அத்தியாயம் மருந்தைப் பற்றியது இல்லை, காற்றோட்டத்தைப் பற்றியது. நோயாளிக்குக் குளிராமல், வெளிக்காற்றைப் போல உள்காற்றும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர் எங்களுக்கு வைத்த முதல் வேலை. உங்களால் லயத்தைக் கட்டி எழுப்ப முடியாது. விறகை முதல் நாளே அடுப்பு மேல் பரணில் காயவைக்கலாம், புகைபோக்கியைக் கரி தட்டிச் சுத்தம் பண்ணலாம், கூரையோரம் இரண்டு தகரத்தை விலக்கிப் புகைக்கு வழி விடலாம், சமைக்கும் நேரம் கதவைத் திறக்கலாம். பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு ஊதுவதை மட்டும் உடனே நிறுத்துங்கள்.

இதோடு ஒரு கடுமையான வார்த்தை: குளிருக்காகக் கரிச்சட்டியைக் காம்பராவுக்குள் வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு படுக்காதீர்கள். புகை இல்லாத தணல்தான் ஆபத்து. அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை; இரத்தத்தில் ஒட்சிசன் உட்காரும் நாற்காலியை அது 200 மடங்குக்கும் மேலான பிடியோடு பிடித்துக்கொள்ளும். விரல் மெசின் அதையும் ஒட்சிசன் என்றே எண்ணி 98 காட்டும்.

கே: ஸ்டோரில் தேயிலை சலிக்கும் இடத்தில் வேலை. தும்மலும் இழுப்பும். வீட்டில் ‘உனக்கு வேலைக்குப் போகத்தான் நோய்’ என்கிறார்கள். (தூசிக்காரன், எல்டப்)

ப: அவர்கள் கேலியாகச் சொன்னதை நான் சீரியஸாகக் கேட்கிறேன்: ஞாயிறும் போயா லீவும் வந்தால் சுகமாகி, வேலைக்குப் போனதும் திரும்பவும் இழுக்கிறதா? அப்படியானால் வீட்டார் வாயில் வந்தது ஒரு நல்ல நோயறிதல். நம் நாட்டு நெஞ்சு நோய் நிபுணர் சி.ஜி. உரகொட 1970இலேயே ‘டீமேக்கர் ஆஸ்துமா’ என்று பிரித்தானியத் தொழில் மருத்துவ சஞ்சிகையில் எழுதிவிட்டார். தேயிலைத் தூசியும் அதன் பஞ்சு போன்ற மயிரும்தான் குற்றவாளி. இரண்டு வாரத்துக்கு ஒரு கொப்பியில் வேலை நாள், லீவு நாள், இழுப்பு என்று மூன்று பத்தி போட்டு எழுதிக்கொண்டு டொக்டரிடம் போங்கள். வாயில் கட்டும் கைக்குட்டை பெரிய தூசியைத் தடுக்கும், நுண்ணிய தூசி அதைப் பார்த்துச் சிரிக்கும்.

கே: பம்ப் அடித்தும் மகனுக்குக் குறையவில்லை. பம்ப் பழகிவிடும் என்று மாமியார் வேறு பயமுறுத்துகிறார். (ஆறு வயதுக்காரனின் அம்மா, பசறை)

ப: பம்ப் பழகாது, மாமியார்தான் பழக வேண்டும்.

குறையாததற்குக் காரணம் பெரும்பாலும் கை. அமுக்குவதும் இழுப்பதும் ஒரே நேரத்தில் நடக்காவிட்டால் மருந்து நாக்கில் அப்பிக்கொண்டு வயிற்றுக்குப் போகும். பெரியவர்களுக்கே வராத வித்தை அது. ஆறு வயதுக்காரனுக்கு எப்படி வரும்? இடையில் ஒரு கூடு வேண்டும், ஸ்பேசர். விலை அதிகம் என்றால் அரை லீற்றர் பிளாஸ்டிக் சோடாப் போத்தல் போதும். அடியில் பம்பின் வாய் இறுக்கமாக நுழையும் அளவு ஓட்டை, போத்தலின் வாய் பிள்ளையின் வாயில். தென்னாபிரிக்காவில் பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து, கடைச் சாமானுக்கு இது சளைத்ததில்லை என்று 1999இல் லான்செட் சஞ்சிகையில் எழுதினார்கள். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் காயவையுங்கள். துடைத்தால் மின்னேற்றம் பிடித்து மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். பம்பைக் குலுக்கி, ஒரு முறை மட்டும் அமுக்கி, பிள்ளையை அமைதியாக ஐந்து மூச்சு விடச் சொல்லுங்கள். அடுத்த அமுக்கலுக்கு முன் மறுபடி குலுக்குங்கள்.

நீலப் பம்ப் இழுப்பை அவிழ்ப்பதற்கு. பெரும்பாலும் மண்நிறத்தில் வரும் மற்றது இழுப்பு வராமல் தடுப்பதற்கு. அதை நன்றாக இருக்கும் நாளிலும் அடிக்க வேண்டும், அடித்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். நீலத்தை மட்டுமே நம்பி, அடிக்கடி அடித்துக்கொண்டிருந்தால் நோய் கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம்.

பம்ப் பிறந்த கதையைச் சொன்னால் மகனுக்குப் பிடிக்கும். 1955இல் அமெரிக்காவில் ஒரு மருந்துக் கம்பனித் தலைவரின் 13 வயது மகள், வாசனைத் தெளிப்பானைப் போல என் ஆஸ்துமா மருந்தையும் ஏன் ஒரு டின்னில் அடைக்கக் கூடாது என்று அப்பாவிடம் கேட்டாள். அடுத்த வருஷம் பம்ப் கடைக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் நச்சரிப்பதை எல்லாம் அலட்சியம் பண்ணாதீர்கள்.

இழுக்கும் கெப்சியூல் வாங்கியவர்களுக்கும் சேர்த்து: அதை விழுங்கக் கூடாது. சிரிக்காதீர்கள். மூன்று மாதம் தவறாமல் பிளேன்டீயோடு விழுங்கிவிட்டு, “ஒண்ணும் கேக்கல மிஸ்ஸி” என்று வந்த ஓர் அம்மாயியை எனக்குத் தெரியும். யாரும் அவருக்கு இழுத்துக் காட்டவில்லை. குற்றம் அவருடையது இல்லை.

கே: ஆவி பிடித்தால் சளி கரையுமா? (மூக்கடைப்பு முருகன் பக்தர், தெமோதரை)

ப: மூக்குக்குச் சுகம், கிருமிக்குக் கவலையில்லை. பிள்ளைகளைக் கொதிக்கும் சட்டிக்கு முன்னால் போர்த்தி உட்காரவைக்க வேண்டாம். சளிக்கு வந்து சுட்ட புண்ணோடு வார்ட்டில் படுத்த பிள்ளைகள் போதும். மல்லித்தண்ணி தாராளமாகக் குடியுங்கள். கற்பூரத் தைலம் கைக்குழந்தையின் மூக்குப் பக்கமே போகக் கூடாது.

கே: பக்கத்துக் காம்பரா அண்ணன் ஒரு மாதமாக இருமுகிறார். காசநோய் என்று சொன்னால் ஊர் ஒதுக்கிவிடுமாம், அதனால் போகமாட்டேன் என்கிறார். (பயந்தவள், கனவரல்ல)

ப: இரண்டு வாரத்துக்கு மேல் இருமினாலே சளி பரிசோதிக்க வேண்டும். அவர் ஏற்கனவே இரண்டு வாரம் கடன். பதுளையில் மார்புநோய்ச் சிகிச்சை நிலையம் இருக்கிறது, மருந்து இலவசம், ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். மருந்து தொடங்கி இரண்டு வாரம் அளவில் மற்றவருக்குத் தொற்றும் பயம் பெருமளவு குறைந்துவிடும். ஊருக்குத் தொற்றாமல் இருக்க வழி மருந்து, ஒளித்து வைப்பது இல்லை என்று அண்ணனிடம் சொல்லுங்கள். பரிசோதனைக்குக் கொடுப்பது அடிநெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளியாக இருக்கட்டும். பலர் வெட்கப்பட்டு எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றுமில்லை என்று சந்தோஷமாக வந்துவிடுகிறார்கள்.

கே: புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்பது உண்மையா? (காதல் வயப்பட்டவன், பண்டாரவளை)

ப: நினைக்கிறார்களோ இல்லையோ, சோற்றுப் பருக்கை வழி தவறிவிட்டது. இருமுகிறவரை இருமவிடுங்கள், தலையில் தட்ட வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். சத்தமே வராமல் கழுத்தைப் பிடித்துக்கொண்டு முழித்தால்தான் அவசரம். முன்னால் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையால் ஐந்து அடி. போகாவிட்டால் பின்னால் நின்று, தொப்புளுக்கு மேல் முட்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து இழுப்பு. 1974இல் ஹைம்லிக் என்கிற டொக்டர் சொல்லிக்கொடுத்தது. இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வயிற்றில் கை வைக்கவே கூடாது. முன்னங்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ்ந்திருக்க முதுகில் ஐந்து தட்டு. திருப்பி, நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் ஐந்து அமுக்கு. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவாதீர்கள். காதலிக்கு ஃபோன் பண்ணுவது அதற்குப் பிறகு.

கே: சிங்கள வார்ட்டில் அம்மாவுக்கு என்ன செய்கிறது என்று சொல்லத் தெரியாமல் நின்றேன். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? (வாயடைத்தவள், மீதும்பிட்டிய)

ப: தமிழையும் அரசகரும மொழியாக்கிய பதின்மூன்றாம் திருத்தம் வந்தது 1987இல். அது வார்ட் கட்டில் வரை வந்து சேரும் மட்டும் அம்மாவின் மூச்சு காத்திருக்காது என்பதால், இதைச் சீட்டில் எழுதிப் பையில் வையுங்கள். ‘ஹுஸ்ம கன்ன அமாருய்’ என்றால் மூச்சு எடுக்கக் கஷ்டம். ‘ஹதிய’ என்றால் ஆஸ்துமா. ‘கெஸ்ஸ’ இருமல், ‘செம’ சளி, ‘பபுவ ரிதெனவா’ நெஞ்சு வலிக்கிறது.

ஆனால் தமிழ் தெரிந்த மிஸ்ஸி கிடைத்தால் உங்கள் சொந்தச் சொல்லையே சொல்லுங்கள், மொழிபெயர்க்காதீர்கள். “மூச்சு வாங்குது” என்று நீங்கள் சொன்னால் நடந்தால், ஏறினால் வருவது என்று எடுத்துக்கொள்வேன். “இழுக்குது” என்றால் குழாய் சுருங்கி விசில் சத்தம். “முட்டுது” என்றால் உள்ளே போகவே இடமில்லை. “அடைக்குது” என்றால் நான் உடனே இதயத்தை நினைத்து ஈசிஜீ எடுக்க ஓடுவேன். “கர்கர்னு இருக்கு” என்றால் சளி தேங்கி நிற்கிறது, உறிஞ்சி எடுக்க வேண்டுமா என்று பார்ப்பேன். ஐந்து சொல், ஐந்து வேறு வேலை. ஆங்கிலச் சீட்டில் எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் எழுதி முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் எப்போதும் ஒரு வருத்தம் உண்டு.

கே: அவசரத்துக்கு வீட்டில் ஒரு ஒட்சிசன் சிலிண்டர் வாங்கி வைக்கலாமா? (முன்னெச்சரிக்கை முத்தையா, பதுளை)

ப: விறகடுப்புக்குப் பக்கத்திலா? ஒட்சிசன் தானாக எரியாது, எரிவதை எல்லாம் வெறி பிடித்து எரியவைக்கும். திருகும் இடத்தில் எண்ணெய்க் கை பட்டாலே ஆபத்து. 2021 ஓகஸ்டில் நாட்டுக்கே தட்டுப்பாடு வந்தபோது இந்தியாவிலிருந்து இரண்டு கப்பல் திரவ ஒட்சிசன் கொண்டுவந்தன, இந்தியக் கடற்படையுடையது 100 தொன், நம்முடையது 40 தொன். வேடிக்கை என்னவென்றால் இரண்டு கப்பலுக்கும் பெயர் சக்தி. அந்தக் காலத்தில் தேவையில்லாமல் வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்தவர்களால் தேவைப்பட்டவருக்குக் கிடைக்கவில்லை. டொக்டர் எழுதிக்கொடுத்தால் மட்டும் வாங்குங்கள்.

கே: ஓய்வு பெற்ற பிறகும் ஆட்களின் மூச்சை எண்ணுவீர்களா மிஸ்ஸி? (சும்மா கேட்பவன், பசறை)

ப: பதுளை பஸ்ஸில் வேறென்ன வேலை? முன் ஸீட்டில் தூங்குகிறவருக்கு வழக்கமாக 14, 16 வரும். போன கிழமை ஒருவருக்கு 32 வந்தது. பதறிப்போய் தோளைத் தட்டி, “நெஞ்சு கிஞ்சு வலிக்குதா ஐயா?” என்று கேட்டேன். “இல்லைங்க மிஸ்ஸி, டிப்போவுல இருந்து ஓடி வந்து பஸ்ஸைப் பிடிச்சேன்” என்றார். அடுத்த வளைவு வரைக்கும் எண்ணிப் பார்த்தேன். 18க்கு இறங்கிவிட்டது.